மீன்கொத்திக்கு ஊதாச் சட்டை

ஏலே பேராண்டி, ஒசாகாவுல வேலை கெடச்சிருக்காமே. சந்தோசம்டா. போய் எறங்கின மறுநாளே எவாஞ்சலியன் படம் போட்ட புல்லட் ரயில்ல ஏறி, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல பறந்து, அதை வீடியோ புடிச்சு ஊரையே வாயப் பொளக்க வைக்கப் போறேன்னு ஒங்கம்மா சொல்லுச்சு. போ ராசா, தாராளமாப் போ. ஒரே ஒரு சங்கதிய மட்டும் காதுல போட்டுக்கோ. அந்த ரயிலோட வேசத்த 2018 மே மாசமே கலைச்சுட்டாக. இன்னொன்னும் சொல்றேன், அழுவாத. வேசம் கட்டியிருந்த காலத்துலயும் அது பறக்கல. அந்தத் தடத்துல இருக்கிற அத்தனை டேசன்லயும் நின்னு நின்னுதான் போச்சு.

இந்தக் கெழவனுக்கு ஜப்பான் ரயிலப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்கிறே. சிரி. ஒன் கையில இருக்கிற போனு என் கையிலயும் இருக்குடா. ராத்திரி ஒறக்கம் வராத ஆளுக்கு அதுதான தொணை. அதோட, படக்கதைங்கிறது நீ கண்டுபுடிச்ச சமாச்சாரம் இல்ல. 1972ல முத்து காமிக்ஸ்காரக இரும்புக்கை மாயாவிய மொத மொதல்ல கொண்டாந்தப்ப, கணக்கு நோட்டுக்குள்ள வெச்சுப் படிச்ச தலைமுறை நாங்க. கரண்டுல கைய வெச்சதும் உடம்பு மறைஞ்சு போயி, இரும்புக்கை மட்டும் அந்தரத்துல நிக்கும். ஒங்க எவாஞ்சலியனும் கரண்டு கதைதான். அதுக்குப் பொறவு வர்றேன்.

மொதல்ல ரயிலு எதுன்னு தெரிஞ்சுக்கோ. 500 வரிசைன்னு பேரு. 1997 மார்ச்சுல ஷின்-ஒசாகாவுக்கும் ஹகாடாவுக்கும் நடுவுல ஓட ஆரம்பிச்சுச்சு. ஜப்பான்ல ஆளுகள ஏத்திக்கிட்டு 300 கிலோமீட்டர் வேகத்துல ஓடின மொத ரயிலு அதுதான். 554 கிலோமீட்டர் தூரத்த 2 மணி 17 நிமிசத்துல முடிச்சுப்புடும். 16 பெட்டி, சாம்பலும் நீலமுமா நெறம், மேல ஒரு படம் கெடையாது, பொம்மை கெடையாது. அந்த வயசுல அதுக்கு அலங்காரம் எதுக்கு?

அந்த மூக்கப் பாத்திருக்கியா? நம்ம குடும்பத்து மூக்கப் பத்தி ஒங்க பாட்டி பேசுறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. 15 மீட்டர் நீளம். மொதப் பெட்டியில பாதிக்கு மேல மூக்குதான். அழகுக்குன்னு வெச்ச மூக்கு இல்ல பாத்துக்கோ. அந்தத் தடத்துல பாதித் தூரம் மலையக் கொடைஞ்ச சுரங்கம். வேகமா வர்ற ரயிலு சுரங்கத்துக்குள்ள நொழைஞ்சா உள்ள இருக்கிற காத்து முன்னால நெருக்கித் தள்ளப்பட்டு, அந்தக் கடைசி வாசல்ல டமார்னு வெடிச்சு வெளிய வரும். பக்கத்துல குடியிருக்கிறவுக ஒறங்க முடியுமா? எய்ஜி நகாட்சுன்னு ஒரு பொறியாளர், மேற்கு ஜப்பான் ரயில்வேக்காரர், பறவை பாக்கிறதுல பைத்தியம். மீன்கொத்தி ஒசரத்துல இருந்து தண்ணிக்குள்ள பாயுது, தண்ணி தெறிக்கிறதே இல்லையே, ஏன்னு யோசிச்சாரு. காத்துல இருந்து தண்ணிக்குள்ள போறதும் வெட்டவெளியில இருந்து சுரங்கத்துக்குள்ள போறதும் ஒரே சங்கடம்தானேன்னு மீன்கொத்தி அலகோட வாகுக்கு மூக்க நீட்டினாக. மேல கரண்டு எடுக்கிற கம்பியோட சத்தத்தக் கொறைக்க ஆந்தை றெக்கையப் பாத்துக் கத்துக்கிட்டாக. வெளி உருவத்த வரைஞ்சவரு அலெக்சாண்டர் நொய்மைஸ்டர்ங்கிற ஜெர்மன்காரர். ஒரு மனுசன் பொழுதுபோக்குக்குப் பறவை பாத்தான், ஒரு நாட்டுக்கே ரயிலு கெடச்சுச்சு. நீயும்தான் பொழுதன்னைக்கும் பாக்கிறே. என்னத்தப் பாக்கிறேன்னு நான் கேக்கல.

இம்புட்டு கெட்டிக்கார ரயிலு ஏன் கவுந்துச்சுன்னு கேளு. உடம்பு உருண்டை. ஜன்னலோரம் உக்காந்தவுக தலைக்கு மேல செவுரு வளைஞ்சு வந்து இடிச்சுச்சு. மூக்கு நீளமாப் போனதால மொதப் பெட்டியில முன்பக்கத்துக் கதவையே எடுத்துட்டாக. பெட்டிக்குப் பெட்டி சீட்டுக் கணக்கு மத்த ரயிலோட ஒத்து வரல. ஒரு ரயிலு மக்கர் பண்ணினா அந்த எடத்துல இதை ஓட்ட முடியாது, சீட்டு எண்ணை மாத்திக் குடுத்து மாளாது. வெலையும் சாஸ்தி. அதனால 9 ரயிலோட செய்யிறத நிறுத்திக்கிட்டாக. 2007ல என்700 வந்துச்சு. அதே 300 வேகம், இந்தத் தொல்லை எதுவும் கெடையாது. 2010 பிப்ரவரியோட நம்மாளுக்கு நொசோமிப் பதவி போச்சு. நொசோமின்னா அந்தத் தடத்துல வேகமாப் போற வண்டி. 16 பெட்டிய 8 பெட்டியா வெட்டி, கொடாமாங்கிற வண்டியா ஓட விட்டாக. கொடாமா ஒரு டேசன விடாம நிக்கிற வண்டி. ஷின்-ஒசாகாவுல இருந்து ஹகாடா வரைக்கும் 19 டேசன். ரேக்ளாவுல மொதப் பரிசு வாங்கின காளையப் பூம்பூம் மாடாக்கி, வாசலுக்கு வாசல் நிறுத்தித் தலையாட்ட விட்டா எப்படி இருக்கும்? அதான் நடந்துச்சு.

பூம்பூம் மாடுன்னு ஆனப்பொறவு முதுகுல பட்டுத்துணி போடாம விடுவாகளா? மொதல்ல எட்டாம் பெட்டியில பிள்ளைக உக்காந்து ஓட்டுற பாவனைக்குப் பொய் டிரைவர் சீட்டு ஒண்ணு வெச்சாக. 2014ல ஒரு ரயிலோட பெட்டிக்குள்ள பொம்மை ரயில் தண்டவாளத்தப் பரப்பி வெளையாட விட்டாக. 2015ல இந்த ரயிலு ஓடுற சான்யோ ஷின்கான்சென் தடம் முழுசாத் தெறந்து 40 வருசம். எவாஞ்சலியன் டிவியில வந்து 20 வருசம். ரெண்டு கலியாணத்தையும் ஒரே பந்தல்ல முடிச்சாக. 2015 நவம்பர் 7ஆம் தேதி ஊதாவும் பச்சையுமா, 500 டைப் ஈவான்னு பேரு வெச்சு, அந்த ரயிலு வெளிய வந்துச்சு. உருவத்த வரைஞ்சவரு இகுத்தோ யமஷிதா. கதையில வர்ற ராட்சத எந்திரத்த வடிவமைச்ச அதே ஆளு. மேற்பார்வை, கதைய எடுத்த ஹிதேயாகி அன்னோவே.

கதை என்னன்னு நானே சொல்லட்டுமா, இல்ல தாத்தா வாயில கேட்டா ஒனக்கு மானம் போயிருமா? 14 வயசுப் பையன் ஷிஞ்சி. ஆத்தா கெடையாது. அப்பன் அவனச் சின்னதுலயே அடுத்தவுக வீட்டுல விட்டுட்டுப் போயி, பல வருசங்கழிச்சு ஒரு நாள் கூப்பிட்டு விடுறான். பாசத்துல கூப்பிட்டான்னு பையன் ஓடி வந்தா, ஊதாக் கலர் ராட்சதனக் காட்டி, இதுல ஏறி எதிரிகூட சண்டை போடுங்கிறான். இந்த ராட்சதனுக்கு முதுகுல ஒரு கரண்டு வயரு. அதைப் புடுங்கிட்டா அஞ்சு நிமிசம்தான் தெம்பு, அப்புறம் கட்டையா நின்னுரும். உலகத்தக் காப்பாத்துற சூரனுக்கு பிளக்கு பாயிண்டு தேடுற பொழப்பு. இதைக் கேட்டதும் எனக்கு எங்க மாயாவிதான் ஞாபகத்துக்கு வந்தாரு. அவருக்கும் கரண்டு இல்லாட்டா வித்தை இல்ல. ரயிலுக்கும் மேல போற கம்பியில 25,000 வோல்ட் இருந்தாத்தான் ஓட்டம். அந்த வகையில பொருத்தமான ரயிலுக்குத்தான் பொருத்தமான படத்தப் போட்டிருக்கான்.

இன்னொரு பொருத்தமும் இருக்கு. அந்தக் கதை நடக்கிறதாச் சொல்றது 2015ஆம் வருசத்துல. ரயிலு ஓட ஆரம்பிச்சதும் அதே வருசம். கதையில பாதி ஊரு அழிஞ்சு போகும். நெசத்துல ரயிலு அஞ்சு நிமிசம்கூட லேட்டாகாம ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தப் பையனும் ஒன் கூட்டாளிதான். வேலை சொன்னா ஓடிப்போயிரலாமான்னு பாப்பான். ஒரு தடவை நெசமாவே ஓடிப்போயி, ரயில்ல ஏறி, காதுல பாட்ட மாட்டிக்கிட்டு, எறங்காம சுத்திக்கிட்டே இருப்பான். அன்னோவுக்கு ரயிலு மேல அம்புட்டுப் பிரியம். அவரு பொறந்தது யமகுச்சி மாகாணத்துல ஊபேங்கிற ஊரு. இந்த ஊதா ரயிலு அவரு சொந்தச் சீமை வழியாத்தான் தெனமும் போயிட்டு வந்துச்சு. 2021ல வந்த கடைசிப் படத்துலயும் கதைய முடிக்கிறதுக்கு அவரு தேடிப்போன எடம் ஊபே-ஷின்காவா டேசன். ஊர விட்டு ஓடுறவனக் கதைநாயகனாக்கினவரு கதைய முடிக்க ஊருக்குத்தான் வந்தாரு. இதை நான் யாருக்கும் குத்திக்காட்டிச் சொல்லல. நீ பாட்டுக்கு இட்டிலிய சாப்பிடு.

படக்கதைப் புத்தகமா வரைஞ்சவரு யோஷியுகி சதமோத்தோ. டிவிக்கு முன்னாடியே 1994 கடைசியில ஆரம்பிச்சு, 14 புத்தகத்துக்கான கதைய வரைஞ்சு முடிக்கிறதுக்கு 2013 ஆயிருச்சு. 18 வருசத்துக்கு மேல. அந்த மனுசன் அப்பவே கொடாமா வேகத்துக்குத் தயாராயிட்டாரு.

இப்ப ஒன்கிட்ட ஒரு கேள்வி. ரயிலு வெளிப்பக்கம் படம் போட்டிருக்கு. நீ உள்ள உக்காந்திருக்கே. படம் ஒனக்குத் தெரியுமா? தெரியாது. பாதித் தூரம் சுரங்கம்னு சொன்னேனே, அங்க யாருக்குமே தெரியாது. மிச்சப் பாதியில தோட்டத்துல நிக்கிறவன் நிமிந்து பாக்கிறதுக்குள்ள எட்டுப் பெட்டியும் போயிருக்கும். நின்னாத்தான் படம், ஓடினா வெறும் ஊதாக் கோடு. இதை அந்தக் கம்பெனிக்காரக தெரிஞ்சே செஞ்சாகளா, தானா அமைஞ்சுச்சான்னு எனக்குள்ள ஒரு ரோசனை. ஏன்னா கொடாமா நின்னா சும்மா நிக்காது. பின்னால வர்ற நொசோமிக்கு வழி விட்டு ஓரமா நிக்கும். சில டேசன்ல அஞ்சு நிமிசம், பத்து நிமிசங்கூட நிக்கும். கதவு தெறக்கும். கேமராவத் தூக்கிக்கிட்டு ஆளுக எறங்கி மூக்குக்கு முன்னால நின்னு படம் புடிப்பாக. அந்த நேரம் பாத்து பக்கத்துத் தடத்துல படமில்லாத ஒரு வெள்ளை ரயிலு சர்ருன்னு கடந்து போகும். அதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக. ஒரு காலத்துல இவன் போன வேகத்துல அவன் போறான், இவன் போட்டோவுக்கு நிக்கிறான்.

கேலி பண்றேன்னு நெனைக்காத. எனக்கு அந்தக் கம்பெனிக்காரக மேல மரியாதை சாஸ்தி. கணக்கப் பாரு. ரெண்டரை மணி நேரத்துல கொண்டுபோயி விடுற வண்டி வரிசையா வந்துக்கிட்டிருக்கிற தடத்துல, ஏறக்குறைய நாலரை மணி நேரம் போற வண்டியில கடைசி வரைக்கும் யாரு உக்காருவா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அடுத்த ஊரு சந்தைக்குப் போறவுகளும் ஏறி எறங்குற வண்டி அது. அதுல படத்த ஒட்டி, மொதப் பெட்டியில சீட்டை எடுத்துட்டு நெச அளவுல ராட்சதனோட ஓட்டுற அறைய வெச்சு, முன்பதிவு பண்ணினா உள்ள உக்கார விடுவோம்னு சொன்னாக. காலையில ஹகாடாவுல கெளம்பி மத்தியானத்துக்கு முன்ன ஷின்-ஒசாகா, மறுபடி திரும்பி சாயங்காலம் ஹகாடா. நாளைக்கு ஒரே ஒரு தடவை. அதுக்குன்னே நாள் பாத்து, காத்திருந்து ஏறுனாக. 2017 மார்ச்சோட முடிக்கிறதா இருந்தத இன்னும் ஒரு வருசத்துக்கு மேல நீட்டினாக. வேகத்தக் காசாக்குறது எவனும் செய்வான். தாமதத்தக் காசாக்கினான் பாரு, அவன்தான் ஏவாரி. நம்மூரு டவுன்பஸ்காரனும் மெதுவாத்தான் போறான், வையத்தான் செய்யிறோம்.

ஈவா போனதும் 2018 ஜூன் 30ஆம் தேதி அதே ரயிலுக்கு ரோசாப்பூ நெறத்தப் பூசி ஹலோ கிட்டிய ஏத்தினாக. பூனைப்பிள்ளை. அது படக்கதையில பொறந்தது இல்ல. சான்ரியோ கம்பெனிக்காரக 1974ல உருவாக்கி, மொதல்ல ஒரு சில்லறைக் காசுப் பையில அச்சடிச்சு வித்தாக. மொதப் பெட்டிய முழுசாக் கடையாக்கி, தடத்தோரத்து ஊருகளோட பண்டங்கள அதுல வித்தாக. ரெண்டாம் பெட்டியில கிட்டி நின்னுச்சு, ஆளுக கூட நின்னு படம் புடிச்சுக்கிட்டாக. அந்தப் பொம்மைக்கு வாயே கெடையாதுடா. வாயில்லாமலே அம்பது வருசமா சம்பாதிச்சுக்கிட்டிருக்கு. ஒனக்கு இருக்கு, அதை வெச்சு என்ன சம்பாதிச்சேன்னு நான் இந்த வீட்டுல யார்கிட்டயும் கேட்டதில்ல.

நெசமாவே படக்கதை ரயிலுன்னு ஒண்ணு பாக்கணும்னா நான் வேற எடம் சொல்றேன். ஷின்கான்சென்ல இருந்து ஒகயாமாவுல எறங்கு. யாகுமோன்னு ஒரு எக்ஸ்பிரஸ், மலையத் தாண்டி யொனாகோவுக்குப் போகும். யொனாகோ டேசன்ல பூச்சியம் நம்பர் பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கு. அங்கதான் சகாய் லைன் டீசல் வண்டி நிக்கும். உடம்பெல்லாம் பேய் பிசாசுப் படம். கிதாரோங்கிற பேய்ப்பையன் கதையில வர்றவுக. 1993ல இருந்து ஓடுது. மொத்தத் தூரம் 17.9 கிலோமீட்டர், 16 டேசன், ஒவ்வொரு டேசனுக்கும் ஒரு பேயோட பேரை செல்லப்பேரா வெச்சிருக்காக. கடைசி டேசன் சகாய்மினாத்தோ, மீன்புடிக்கிற ஊரு. கிதாரோவ வரைஞ்ச ஷிகேரு மிசுகி வளந்த ஊரு. இரண்டாம் உலகப் போர்ல ரபால் பக்கம் சிப்பாயாப் போயி குண்டு விழுந்து இடது கை போயிருச்சு. திரும்பி வந்து மிச்சமிருந்த ஒரு கையால வரைஞ்சு வரைஞ்சு, 2015ல 93 வயசுல கண்ண மூடினாரு. டேசன்ல எறங்கினா ரோட்டோரம் பூரா அவரு வரைஞ்ச பேய்களுக்கு வெண்கலச் செலை, 177க்குக் கொறையாம இருக்கு. ஆளில்லாமப் போயிக்கிட்டிருந்த கடைவீதிக்கு அந்தப் பேய்கதான் ஆளக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. நம்ம பக்கம் பேய் வந்தா ஊரு காலியாகும்பாக.

அந்த வண்டிக்கு வேகமும் இல்ல, அது வேகமாப் போறதாச் சொல்லிக்கவும் இல்ல. 300ல ஓடப் பொறந்த ரயிலுக்குப் படத்த ஒட்டினதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்யுது. மீன்கொத்தி மூக்குக்கு மேல ஊதாச் சட்டை எதுக்கு, பூனைப்பிள்ளை எதுக்கு? ஆனா ஒண்ணு, அந்தச் சட்டைய மாட்டலேன்னா என்னைக்கோ பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாக. கூட ஓடின 300 வரிசை 2012லயே போயிருச்சு. இவன் வேசத்தக் கட்டிக்கிட்டு இன்னும் கொஞ்ச வருசம் தண்டவாளத்துல நின்னான். வயசான காலத்துல பேரப்பிள்ளைகளுக்கு வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருக்கிறதும் ஒரு உத்தியோகம்தான். எனக்குத் தெரியாதா.

இப்ப நீ செய்ய வேண்டியதக் கேட்டுக்கோ. 500 வரிசைய 2027 வாக்குல நிப்பாட்டிக்கிறதா அந்தக் கம்பெனிக்காரக 2024லயே சொல்லிட்டாக. அதனால சம்பளம் வரட்டும், லீவு கெடைக்கட்டும்னு பாக்காம மொத ஞாயித்துக்கெழமையே போ. எந்த வண்டிக்கு 500 வருதுன்னு டேசன்ல கேட்டுட்டு ஏறு, எல்லாக் கொடாமாவுக்கும் அது வராது. ஜன்னலோர சீட்டுக்கு அடிச்சுக்காத, தலை இடிக்கும். நடைபாதைப் பக்கம் உக்காரு. வண்டி ஓரங்கட்டி நிக்கிற டேசன்ல எறங்கினா படத்தப் புடிக்கிற மும்முரத்துல வண்டிய விட்டுறாத. ஜப்பான்காரன் ஒனக்காக அரை நிமிசம் காத்திருக்க மாட்டான். ஷின்-யமகுச்சியில எறங்கி, ஊபே லைன்ல மாறி, அந்த அன்னோவோட ஊரையும் ஒரு எட்டு பாத்துட்டு வா. அப்புறம் முக்கியமானது ஒண்ணு. டிக்கெட்டு எடுக்கிறப்ப மெதுவாப் போற வண்டிதான் வேணும்னு அழுத்திச் சொல்லு. ஒன் அவசர மூஞ்சியப் பாத்துட்டு நொசோமியில ஏத்தி விட்டுறப் போறாக.